ஓய்வு எப்போது? வயசு மட்டும் போதாது!

சங்கரன்கோவிலில் அரசு ஊழியருக்கு ஓய்வு தேதி முன்கூட்டியே தெரியும். 58 ஆக இருந்த ஓய்வு வயது 2020-ல் 59, 2021-ல் 60 ஆனது. அதே ஊரில் கூலிக்கு விசைத்தறி ஓட்டுபவருக்கோ, உடம்பு முடியாமப் போற நாள்தான் ஓய்வு.

தனியார் ஊழியர்களுக்கு? பி.எஃப். ஓய்வூதியம் பெற 10 ஆண்டு சேவையும் 58 வயதும் வேண்டும். 50 வயதிலேயே வாங்கலாம். ஆனால் முந்தும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4% குறையும். வேலை மாறும்போது ஓய்வூதியப் பணத்தை எடுத்துவிட்டால், அதுவரையிலான சேவையும் கணக்கில் வராது. மாற்றிக்கொள்வதே நல்லது.

2014-ல் நிர்ணயித்த குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். இதை வச்சு யாரும் நிம்மதியா வேலையை விட முடியாது. வயதை மட்டுமல்ல, இந்தத் தொகையையும் அரசு உயர்த்த வேண்டும்.