நகரின் நிலமும் நகரத்தார் மனையும்

உவர்மலை உச்சியில் நின்று உட்டுறைமுகத்தை நோக்கும் புதியவர் ஒருவரிடம், இந்நகரில் குடியிருக்க இடமில்லை என்று கூறினால் அவர் நகைப்பார். கண்ணுக்கெட்டிய தூரம் நீரும், மரமடர்ந்த குன்றுகளும், ஆளரவமற்ற கரைகளுமே அவருக்குத் தென்படும். ஆயினும் மலையிறங்கி நகருக்குள் வந்தால், இரண்டு அறைகொண்ட வீட்டிலே மூன்று தலைமுறையினர் ஒண்டியிருத்தலையும், அன்றாடக் கூலிக்காரன் தன் வருவாயின் பெரும்பகுதியை வாடகைக்கே இறைத்தலையும் காணலாம். நிலம் இருக்கிறது, அது குடிமக்களின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது.

இதற்குக் காரணம் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. இத்துறைமுகம் ஆங்கிலேயக் கடற்படையின் பாசறையாக நெடுங்காலம் விளங்கியது. 1957ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆந் தேதி அப்படைத்தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. கொடி மாறிற்று, வேலி மாறவில்லை. கடற்படை, விமானப்படை, புகையிரதப் பகுதி, துறைமுகம் எனப் பல கைகளுக்கு நிலம் பிரிந்து சென்றது. 1984இல் துறைமுகத்தைச் சூழ்ந்த பெரும் பரப்பு துறைமுக அதிகாரசபைக்கு உரித்தாக்கப்பட்டது. அவ்வதிகாரத்தின் நிழல் எத்துணை நீளமானது என்பதை 2025இல் முத்துநகர் விவசாயிகள் உணர்ந்தனர். தாம் பயிரிட்ட வயல்கள் சூரிய மின்திட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டதை எதிர்த்து அவர்கள் வீதிக்கு வந்தனர்.

கோட்டை வாசலிலும் கடற்கரையிலும் புள்ளிமான்கள் எவருடைய அனுமதிப்பத்திரமுமின்றி மேய்கின்றன. அதனைக் கண்டு மகிழாதார் நம்மூரில் இல்லை. அதே தரையில் ஏழையொருவன் நான்கு கம்பு நட்டுக் கிடுகு வேய்வானாயின் மறுவாரமே அறிவித்தல் ஒட்டப்படும்!

பொதுநிலத்தில் வீடமைத்தல் என்றவுடன் இம்மாவட்டத்திலே எழும் முதல் வினா, "யாரைக் கொண்டுவந்து குடியேற்றப் போகிறார்கள்?" என்பதே. அல்லை, கந்தளாய்த் திட்டங்களின் காலந்தொட்டு நிலமும் குடித்தொகையும் அரசியலிற் பின்னிக் கிடக்கும் மண் இது. அவ்வச்சம் வீணானதென்று யான் சொல்லேன். ஆனால் அவ்வச்சத்தினாலேயே எவருக்கும் எதுவும் கட்டாமல் நிலத்தைப் பற்றைக்காட்டுக்கு விட்டுவைப்பது நம்மவர் தலையிலேயே விடிகிறது. உறுதியில்லாத காணியில் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இந்நகரில் அடுத்தடுத்தே இருக்கின்றனர். நகரெல்லைக்குள் இத்தனை ஆண்டு வாழ்ந்தவருக்கே முதலிடம் என்ற விதியை வெளிப்படையாக எழுதி, விண்ணப்பதாரர் பெயர்களை மும்மொழியிலும் சுவரில் ஒட்டிவிட்டால், ஐயத்தின் பெரும்பகுதி அகன்றுவிடும்.

இனி, எவ்வாறு கட்டுவது? வழக்கமாகச் சொல்லப்படும் வழிகள் இரண்டு.

காணியை முழு உரிமையாக எழுதிக் கொடுத்தல் ஒன்று. சுவர்ணபூமி, ஜயபூமி என்ற பெயர்களை நாம் அறிவோம். 2024இல் 'உறுமய' வந்தது. வயற்காணிக்கு அது பொருந்தலாம். கடலை நோக்கிய நகரத் துண்டொன்றை ஏழை மீனவனுக்கு முழு உரிமையாகக் கொடுத்தால், மகளின் திருமணமோ மனைவியின் நோயோ வரும் நாளில் அது விடுதி முதலாளியின் கைக்கு மாறிவிடும். அவனோ மீண்டும் வாடகைக்காரன், பொதுநிலமும் போயிற்று.

மாடிக் கோபுரங்கள் மற்றொன்று. கொழும்பில் ஏறக்குறைய 68,000 குடும்பங்கள் வசதி குன்றிய குடியிருப்புகளில் வாழ்வதாக மதிப்பிட்டு, பன்னிரண்டு மாடிக்கும் மேலாக அடுக்கி எழுப்பினார்கள். மின்தூக்கி பழுதுற்றால் முதியோர் சிறைப்பட்டாற் போலாவர். திருக்கடலூர் மீனவன் பத்தாம் மாடியில் வலையை எங்கே காயவைப்பான்? சென்னையிலோ வேறொரு பிழை நேர்ந்தது. நகர் நடுவிலிருந்த குடிசைவாசிகள் தெற்கே கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டனர். வீடு கிடைத்தது, தொழில் பின்தங்கிற்று. அதே சென்னையில் 1977இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய திட்டத்தின் கீழ், அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் குழாய்நீர், வடிகால், தெரு அமைந்த சிறு மனைகள் வழங்கப்பட்டன. மக்கள் கைக்குப் பணம் வரவர அறை அறையாய்க் கட்டிக்கொண்டனர். இன்று அவை செழித்த பேட்டைகள்.

எனக்குப் பொருத்தமாகத் தோன்றும் மாதிரி தாய்லாந்தில் இருக்கிறது. அங்கு 2003இல் 'பான் மங்கொங்' என்ற திட்டம் தொடங்கிற்று. பாங்கொக் நகரின் பாங் புவா கால்வாய்க்கரையில் அரசநிலத்தைப் பிடித்திருந்தோர் தம்முள் சேமிப்புச் சங்கம் அமைத்தனர். திறைசேரித் திணைக்களத்திடம் முப்பதாண்டுக் குத்தகை பெற்றனர். அவ்விடத்திலேயே வீடுகளைத் திருத்தி வரிசையாகக் கட்டினர். நிலம் அரசினுடையது, குத்தகை சங்கத்தினுடையது, வீடு குடும்பத்தினுடையது. விலகிச் செல்ல விரும்புவோர் வீட்டைச் சங்கத்துக்கே விட்டுச் செல்லும் விதி இருந்தால் வெளியார் புகுதற்கு இடமில்லை.

குத்தகை வீடு சொந்த வீடாகுமா என்று நம்மவர் முகஞ் சுளிப்பர். சிங்கப்பூரைப் புகழாத மேடை நம் நாட்டில் இல்லை. அங்கே வீடமைப்புச் சபையின் வீடுகள் பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகையிலேயே விற்கப்படுகின்றன என்பதை மாத்திரம் மேடையில் எவரும் சொல்வதில்லை. குத்தகை நீண்டதாயும், மக்கள்வழி செல்வதாயும், வங்கியில் ஈடுவைக்கத் தக்கதாயும் எழுதப்பட வேண்டும். இது சட்டத்தரணிகளின் வேலை. செய்ய முடியாத வேலையன்று.

பணத்துக்கும் வழி உண்டு. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தில் அரசு தானே கட்டுவதை விடுத்துச் சிறுகடன் கொடுத்தது, கட்டியவர் மக்களே. சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கங்கள் இம்மாவட்டத்துக்குப் புதியன அல்ல. இரண்டு மாடி வரிசை வீடுகள், பொதுக் கிணறு, வலை காயப்போட ஒரு முற்றம் இவையே போதும். கடலோரத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26ஆந் தேதி கற்பித்த பாடம் அது. ஆயினும் அதன்பின் கிழக்குக் கரையில் விதிக்கப்பட்ட 200 மீற்றர் தடை, மீனவரைத் தோணியினின்றும் பிரித்து எத்துணை இடர்ப்படுத்திற்று என்பதையும் மறத்தலாகாது.

நகரின் உள்ளூராட்சி மன்றத்துக்கு உரிய காணி சிறிதே. எனினும் தொடக்கம் அங்கேதான். முதலில் தன் காணிகள் யாவை, அவற்றுள் வெறுமையாய்க் கிடப்பன எவை என்று ஒரு பட்டியலை மன்றம் வெளியிடட்டும். அதிலிருந்து ஒரேயொரு துண்டைத் தெரிந்து நாற்பது குடும்பங்களுக்குக் கட்டிக்காட்டட்டும். அதன்பின் துறைமுக அதிகாரசபையின் வாயிலைத் தட்டுவதற்கு நமக்கு ஒரு சான்று இருக்கும். நம் கல்லூரியின் பழைய மாணவருள் நில அளவையாளர் உளர், பொறியியலாளர் உளர், சட்டத்தரணிகள் உளர். வரைபடத்தையும் குத்தகைப் பத்திரத்தின் முதல் வரைவையும் கூலி பெறாது ஆக்கித்தர நால்வர் முன்வருவாராயின், அடுத்த பொதுக்கூட்டத்திலேயே அதனை மன்றத்தின் கையில் ஒப்படைக்கலாம்.