தாவீது குடிக்காத தண்ணீர்



சாமுவேல் இரண்டாம் நூலில் நாம் எளிதில் கடந்துபோகும் ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. பெத்லகேமைப் பெலிஸ்தியர் பிடித்து வைத்திருந்த நேரம். குகையில் தங்கியிருந்த தாவீது, தம் சொந்த ஊரின் வாயிலருகே இருந்த கிணற்று நீருக்காக ஏங்கினார். அதைக் கேட்ட மூன்று வீரர்கள் பகைவரின் அணிகளை ஊடுருவிச் சென்று அந்த நீரைக் கொண்டுவந்தார்கள். தாவீதோ அதைக் குடிக்கவில்லை. ஆண்டவருக்கென்று தரையில் ஊற்றிவிட்டார். உயிரைப் பணயம் வைத்துச் சென்றவர்களின் இரத்தமாகவே அந்த நீர் அவர் கண்ணுக்குத் தெரிந்தது (2 சாமு 23:13-17).

அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் தங்கள் பழைய வீரர்களை நினைவுகூரும் விதத்தைக் கவனிக்கும்போது இந்தத் தண்ணீர்தான் நம் நினைவுக்கு வருகிறது. அந்நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் பருவம் தொடங்கியதும், எந்த அணியாவது தோல்வியே காணாமல் முன்னேறினால், உடனே 1972ஆம் ஆண்டின் மயாமி டால்ஃபின்ஸ் அணியைப் பற்றிப் பேச்சு எழும். அந்தப் பருவத்தில் ஆடிய 17 ஆட்டங்களிலும் வென்ற அணி அது. இறுதி ஆட்டம் வரை ஒரு தோல்வியும் இல்லாமல் பட்டம் வென்ற அணி, என்.எஃப்.எல். வரலாற்றில் இன்றளவும் அது ஒன்றே. அதன் பயிற்சியாளர் டான் ஷூலா, நாள்தோறும் திருப்பலியில் பங்கேற்றவராக அறியப்பட்ட கத்தோலிக்கர். அதன் தற்காப்பின் மூளையாக விளங்கியவர் நிக் புவோனிகான்டி. 2019 ஜூலை 30 அன்று, தமது 78ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

நம்மில் பலருக்கு இந்த விளையாட்டு பழக்கமில்லாதது. நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அல்ல இது. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள். எதிரணியினர் பாய்ந்து, மோதி, ஓடுபவரைத் தரையில் சாய்ப்பார்கள். தற்காப்பின் முன்வரிசைக்குப் பின்னால் நின்று ஆட்டத்தைக் கணித்து, பந்தோடு வருபவரை மோதித் தடுப்பவரே லைன்பேக்கர். புவோனிகான்டியின் இடம் அதுதான். உடலோடு உடலும், தலைக்கவசத்தோடு தலைக்கவசமும் மோதுவது அவருடைய அன்றாட வேலை.

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், இத்தாலிய வம்சாவளிக் குடும்பத்தில் 1940இல் பிறந்தவர் அவர். திருச்சிலுவை சபைத் துறவியர் நிறுவிய நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் படித்தார். லைன்பேக்கருக்கு உடல் போதாது என்று பலர் கருதியதால், 1962இல் 13ஆவது சுற்றில்தான் பாஸ்டன் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. 1969இல் மயாமிக்கு வந்தார். 1973 ஜனவரியில் நடந்த சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில் வாஷிங்டன் அணியை 14-7 என வென்றபோது, எதிரணி எறிந்த பந்து ஒன்றை இடைமறித்துப் பிடித்தார். அடுத்த ஆண்டும் பட்டம் அவர்களுக்கே. ரசிகர்கள் நினைப்பது இதைத்தான்: 85ஆம் எண் சட்டை, சிறிய உடல், அஞ்சாத நெஞ்சு.

ஆனால் அந்த வாழ்வில் இன்னும் இரண்டு பக்கங்கள் உண்டு.

முதற்பக்கம் மகனுடையது. 1985 அக்டோபரில், தந்தையைப் போலவே லைன்பேக்கராக ஆடிய அவருடைய மகன் மார்க், கல்லூரி ஆட்டம் ஒன்றில் எதிரணி வீரரைத் தடுக்கப் பாய்ந்தார். கழுத்தெலும்பு இடம்பெயர்ந்து, கழுத்துக்குக் கீழே உடல் முழுதும் செயலிழந்தது. அப்போது அவருக்கு வயது 19. அதே ஆண்டில் தந்தை, மருத்துவர் பார்த் கிரீனோடு சேர்ந்து, தண்டுவடக் காயத்துக்கு மருத்துவம் தேடும் 'மயாமி புராஜெக்ட்' என்ற ஆய்வு மையத்தைத் தொடங்கினார். தம் புகழை எல்லாம் அதற்கு நிதி திரட்டச் செலவிட்டார். 2001இல் புகழ்க் கூடத்தில் அவர் சேர்க்கப்பட்டபோது, அவரை அறிமுகம் செய்தவர் சக்கர நாற்காலியில் இருந்த அதே மகன். மகன் நடப்பான் என்றால் இந்த வெற்றி மோதிரத்தைத் தயங்காமல் கொடுத்துவிடுவேன் என்ற பொருளில் தந்தை அன்று பேசினார். அப்சலோமுக்குப் பதிலாகத் தானே இறந்திருக்கக் கூடாதா என்று அழுத தாவீதின் குரல் (2 சாமு 18:33) அதில் கேட்கிறது அல்லவா?

இரண்டாம் பக்கம் அவருடையது. முதுமையில் நினைவாற்றலும் உடல் கட்டுப்பாடும் அவரை விட்டு விலகத் தொடங்கின. 2017 நவம்பரில், தாம் இறந்தபின் தம் மூளையைப் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வுக்குக் கொடுப்பதாக அறிவித்தார். தலையில் தொடர்ந்து அடிபடுவதால் மூளை சிறிது சிறிதாகச் சிதையும் சி.டி.இ. என்ற நோயை அங்கே ஆராய்கிறார்கள். இறந்தபின் மூளையைச் சோதித்தால் மட்டுமே அதை உறுதியாகக் கண்டறிய முடியும். 2018 ஜனவரியில், ஹாரி கார்சன், ஃபில் வில்லாபியானோ ஆகிய பழைய லைன்பேக்கர்களோடு சேர்ந்து, 14 வயதுக்கு முன் பிள்ளைகளை மோதித் தள்ளும் ஆட்டத்தில் சேர்க்க வேண்டாம் என்று பெற்றோரைக் கேட்டுக்கொண்டார்.

அவரைப் புனிதராக்குவது நம் நோக்கமல்ல. 1980களில் பெரிய புகையிலை நிறுவனம் ஒன்றின் தலைவராகவும் இருந்தவர் அவர். மனிதர் என்றால் கோதுமையும் களையும் சேர்ந்தே இருக்கும். ஆனால் தம் நோயைத் தமக்குள் மறைத்துக்கொள்ளாமல், பிறர் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று வெளியே சொன்ன துணிவை நாம் மதிக்கிறோம்.

இது ஒருவரோடு நின்ற துன்பமும் அல்ல. 20 பருவங்கள் ஆடிய லைன்பேக்கர் ஜூனியர் சியாவ், 2012 மே 2 அன்று 43 வயதில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். சான் டியேகோ அரங்கில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கூடி அழுதார்கள். அவருடைய மூளையிலும் சி.டி.இ. இருந்தது 2013இல் தெரியவந்தது. இவ்வாறு இறந்தோரின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றும், அவர்களுக்காகச் செபிக்கும்படியும் திருச்சபையின் மறைக்கல்வி (2283) நமக்குக் கற்பிக்கிறது. பாஸ்டன் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, சோதித்த 376 முன்னாள் என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளில் 345இல் இந்நோய் இருந்தது. நோய் இருக்குமோ என்று ஐயுற்ற குடும்பங்களே பெரும்பாலும் மூளையைக் கொடுக்கின்றன. ஆகவே எல்லா வீரர்களுக்கும் இந்த விகிதம் பொருந்தும் என்று கொள்ளக் கூடாது. ஆயினும் இது சிறிய எண் அல்ல.

"யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறார்களே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 1960களில் களமிறங்கியவர்களுக்கு இந்த ஆபத்தின் முழு அளவு தெரியாது. பெரிய சம்பளமும் அப்போது இல்லை. பத்து வயதுப் பிள்ளை தானாகத் தேர்ந்தெடுத்தான் என்றும் சொல்ல முடியாது. தாவீதின் வீரர்களும் தாங்களாகவே விரும்பிச் சென்றவர்கள்தாம். அதனால் அந்தத் தண்ணீரின் விலை குறைந்துவிட்டதாகத் தாவீது நினைக்கவில்லை.

உடலைப் பேண வேண்டும், அதே வேளையில் உடலையும் விளையாட்டு வெற்றியையும் சிலையாக்கி வழிபடக் கூடாது என்கிறது மறைக்கல்வி (2289). பொதுநிலையினர், குடும்பம், வாழ்வு ஆகியவற்றுக்கான திருப்பீட அவை 2018 ஜூனில் விளையாட்டைக் குறித்து வெளியிட்ட ஏடும், மூளைக்காயம் உள்ளிட்ட தீங்குகள் தெரியவரும்போது மனிதரின் நலனையும் மாண்பையுமே முன்னிறுத்தி முடிவெடுக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது. திருச்சபை விளையாட்டுக்குப் பகை அல்ல. பந்தயத்தில் ஓடுபவரைப் பவுல் அடியாரே உவமையாகச் சொன்னார் (1 கொரி 9:24). அவரே, நம் உடல் தூய ஆவியார் தங்கும் கோவில் என்றும் கற்பித்தார் (1 கொரி 6:19). இரண்டும் ஒரே கடிதத்தில் இருக்கின்றன.

அப்படியானால் ரசிகர் ஒருவர் தம் வீரரை எவ்வாறு நினைவுகூர்வது? நமக்கு வழிகாட்டும் நினைவு ஒன்று உண்டு. ஒவ்வொரு திருப்பலியிலும் நாம் ஆண்டவரை நினைவுகூரும்போது உயிர்ப்பின் வெற்றியை மட்டும் நினைப்பதில்லை. பிட்கப்பட்ட உடலையும் சிந்தப்பட்ட இரத்தத்தையும் நினைக்கிறோம். உயிர்த்த இயேசு தோமாவுக்குத் தம் காயங்களை மறைக்கவில்லை, காட்டினார். காயங்களை விட்டுவிட்டு வெற்றியை மட்டும் வைத்துக்கொள்ளும் நினைவு பாதி நினைவு. 17 வெற்றிகளையும், சக்கர நாற்காலியையும், மங்கிய மூளையையும் சேர்த்து நினைப்பதே அந்த மனிதருக்கு நாம் செய்யும் நீதி.

தொலைக்காட்சி முன் அமர்ந்து எந்த விளையாட்டைப் பார்த்தாலும், கைதட்டும் நாமும் அதில் பங்காளிகள். ஒருவர் அடிபட்டு விழும்போது நம் வாயிலிருந்து முதலில் வருவது ஆரவாரமா, இரக்கமா? காயத்தோடு ஆடுபவரை வீரர் என்றும், "முடியவில்லை" என்று உட்கார்ந்துவிட்டவரைக் கோழை என்றும் நம் பிள்ளைகளுக்கு முன் சொல்கிறோமா? ஆட்டம் முடிந்து, பெயர் மறைந்து, நோயோடு வீட்டில் இருப்பவரை நினைப்பவர் யார்? தாவீது தம் வீரர்களைத் திட்டவும் இல்லை, அவர்கள் துணிவை மறுக்கவும் இல்லை. அது தாம் குடித்து மகிழும் அளவுக்கு மலிவானதல்ல என்று உணர்ந்து, அதை இறைவனிடம் ஒப்படைத்தார்.

செபிப்போம்: எங்கள் மகிழ்ச்சிக்காகத் தங்கள் உடலைத் தேய்த்தவர்களுக்கு, ஆண்டவரே, நிலையான இளைப்பாற்றியைத் தந்தருளும். அவர்களைப் பராமரித்துக் களைத்த குடும்பங்களுக்கு ஆறுதல் தாரும். பிறர் துன்பத்தைப் பொழுதுபோக்காகக் காணாத கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.