சொல் விளங்கினால் நிரல் விளங்குமா?

பொன்முடி என்னும் பெயரை விளங்கிக்கொள்ள மலையாளிக்கும் தமிழருக்கும் அகராதி வேண்டியதில்லை. ஆயினும் பெயர் விளங்கியதாலேயே மலை விளங்கிவிடாது. நேற்று அம்மலைக்கு உடன் வந்த கணினியியல் மாணவர் ஒருவர், “கட்டளைச் சொற்களைத் தமிழாக்கிவிட்டால் தமிழ்வழி மாணவர்க்கு நிரலாக்கம் எளிதாகிவிடாதா?” என்று வினவினார். எனக்குக் கோபோல் மொழியின் வரலாறு நினைவுக்கு வந்தது.

வணிகக் கணக்குகளுக்கெனப் பொதுவான நிரல்மொழி ஒன்று வேண்டும் என்று 1959ஆம் ஆண்டு மே மாதம் பென்டகனில் கூடியோர் முடிவு செய்தனர். கிரேஸ் ஹாப்பரின் ஃப்ளோ-மேட்டிக் அதற்கு முன்னோடி. கணிதக் குறியீடுகளின் இடத்தில் ஆங்கிலச் சொற்களை வைத்தவர் அவர். அதே முறையில் பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களையும் கணினி ஏற்கும் என்று தாம் செய்துகாட்டியபோது மேலாளர்கள் திகைத்துப்போனதாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். இயந்திரத்துக்குத் தாய்மொழி கிடையாது. ஆங்கிலம் மனிதர் செய்த தெரிவு.

கோபோல் நிரல் பிரிவு, பத்தி, வாக்கியம் என உரைநடை நூலைப் போலவே பகுக்கப்படுகிறது. கட்டளைகளுக்கு வினைச்சொற்கள் என்றே பெயர். நிரலாளர் அல்லாதோரும் படித்தறிய வேண்டும் என்பது நோக்கம். அந்நோக்கம் முழுமையாக நிறைவேறவில்லை. நிபந்தனைக் கூற்றின் எல்லையைத் தொடக்கத்தில் முற்றுப்புள்ளியே வகுத்தது. புள்ளி ஒன்று இடம் மாறினால் கணக்கே மாறிவிடும். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் கண்ணுக்கு அப்பிழை புலப்படாது. நிபந்தனையை முடித்துவைக்கத் தனிச்சொல் 1985ஆம் ஆண்டுத் தரநிலையில்தான் வந்தது. 2020 ஏப்ரலில், வேலையிழந்தோர் விண்ணப்பங்கள் குவிந்தபோது, கோபோல் அறிந்தோர் தேவை என்று நியூ ஜெர்சி மாநில ஆளுநர் வேண்டுகோள் விடுத்தார். அங்கே ஆங்கிலம் அறிந்தோருக்கா பஞ்சம்?

இதனால் தமிழ் நிரல்மொழி வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழியில் நிபந்தனை முன்னே வர, ‘ஆனால்’ என்னும் சொல் பின்னே வருகிறது. நம் தொடரமைப்பை மதித்த அம்முயற்சி சொல்மாற்றத்தைத் தாண்டியது. எனினும் தமிழ்வழி மாணவர் தடுமாறுவது ஒருசில கட்டளைச் சொற்களாலா? அவற்றை விளக்கும் நூலும், வகுப்புரையும், திரையில் தோன்றும் பிழைச்செய்தியும் அவர் மொழியில் இல்லாததே பெருந்தடை. சொற்பட்டியலை ஓரிரு நாளில் தமிழாக்கிவிடலாம். நல்ல விளக்கத்தை எழுத ஆண்டுகள் வேண்டும். மொழியியலாரும் கணினியியலாரும் முதலில் கூடி உழைக்க வேண்டிய இடம் அதுவே என்பது என் துணிபு. மறுப்போர் எழுதுக; உரையாடுவோம்.