மலைமாடும் மருத்துவரும்

கம்பம் பள்ளத்தாக்கில் மலைமாடு மேய்ப்போரின் குறையொன்றை நம் நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். சர்க்கார் கால்நடை மருந்தகத்தில் சிகிச்சை இலவசந்தான். ஆனால் மருந்தகம் ஊரில் இருக்கிறது. மாடோ மலையடிவாரத்தில் கிடக்கிறது. நூறு மாடுகளை எவன் ஓட்டி வருவான்? மருத்துவரை அழைத்தாலோ வண்டிச் சத்தம், கடை மருந்து, கைக்கூலி என்று செலவு ஏறுகிறது.

கறவை மாடு வைத்திருப்பவர் பாற்பணத்தில் அதைக் கொடுத்து விடுகிறார். மலைமாட்டுக்காரருக்குப் பால் வரும்படி சொற்பம். கிடைக் கூலியும் எருவும் கன்றின் விலையுமே ஜீவனம். அவர் நோயுற்ற பசுவின் விலையையும் வைத்தியச் செலவையும் எடைபோட்டுப் பார்த்து, பதிவு பெறாத ஊசிக்காரரை நாடுகிறார். 1984-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது என்பது நாம் அறியாததன்று. சட்டம் தடுத்த இடத்தில் மருத்துவர் வந்து நிற்க வேண்டாமா?

2019 முதல் கோமாரிக்கு ஆறு மாதத்துக்கொருமுறை இலவசத் தடுப்பூசி உண்டு. குளிர் கெடாமல் அது கிடைக்குப் போய்ச் சேர்ந்தாலன்றிப் பயனில்லை. 2021-இல் மேகமலை புலிகள் காப்பகமாயிற்று. 2022-இல் ஹைகோர்ட்டு வன மேய்ச்சலைத் தடுத்து, பின்னர் அத்தடையைச் சரணாலயங்களுக்கும் புலிக் காப்பகங்களுக்குமாகச் சுருக்கிற்று. ஒதுக்கப்பட்ட மந்தைகள் குறுகிய இடத்தில் நெருங்கினால் நோய் பரவும். காட்டெருமையையும் அது விடாது.

ஆகவே, மருத்துவரின் பயணப்படியைச் சர்க்கார் ஏற்று, கிடை போடும் நாட்களைக் கேட்டறிந்து அங்கேயே முகாம் நடத்த வேண்டும். 2020-இல் தேனியில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மாணவர்களையும் உடனனுப்பலாம். மாட்டுக்காரரும் தலைக்கு இவ்வளவென்று வருஷந்தோறும் பொதுநிதி சேர்த்து, அவசரச் செலவுக்கு வைத்துக்கொள்ளட்டும். அடுத்த தடுப்பூசித் தவணைக்குள் ஜில்லா அதிகாரிகள் இதை ஆரம்பிப்பார்களென்று எதிர்பார்க்கிறோம்.