கொட்டாயைப் பார்க்குமுன் ஓடையைப் பாருங்கள்

அருணாசல மலையைப் பிரதட்சிணம் செய்கிற 14 கிலோமீட்டர்ப் பாதையில், கிழக்கே பெரிய கோயிலில் புறப்பட்டவனுக்குக் கால் ஓயத் தொடங்கும் வேளையில், மலையின் மேற்புறத்தில் அடி அண்ணாமலை வந்து சேருகிறது. வலக்கைப் புறம் மலை. இடக்கைப் புறம் மல்லாட்டைக் கொல்லையும் நெல் வயலும், அவற்றினிடையே ஆண்டுக்கு ஆண்டு பெருகிவரும் வர்ணம் பூசிய மனைக் கற்களும். திருவண்ணாமலை 2024-ல் மாநகராட்சியாகிவிட்டதால், இந்தக் கற்கள் இனி வேகமாகவே பெருகும்.

இக்கொல்லைகளில் கிணற்று மேட்டின்மேல் நிற்கிற மோட்டார் கொட்டாயை உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். எட்டடிக்குப் பத்தடி, ஹாலோ பிளாக் சுவர், தகரக் கூரை, சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி, மூலையில் மண்வெட்டியும் அரை மூட்டை யூரியாவும், எலி எட்டாதபடி உத்திரத்தில் தொங்கவிட்ட விதைக்காய் மூட்டை, ஒரு கயிற்றுக் கட்டில். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தால் எழுந்து மோட்டாரைப் போட வேண்டியவனுக்கு அந்தக் கட்டில் சுகபோகமன்று, ஜீவனத்துக்கான சாதனம். இப்படிப்பட்ட கொட்டாய்க்கும் மாட்டுக் கொட்டிலுக்கும், அனுமதியின்றிக் கட்டப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக நோட்டீஸ் அனுப்பலாமா என்பதே இங்கு விசாரிக்க வேண்டிய விஷயம்.

1971-ம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், நிலத்தை விவசாயத்துக்குப் பயன்படுத்துவதையும், அந்நிலத்தோடு சேர்ந்த கட்டடத்தை அதே காரியத்துக்குப் பயன்படுத்துவதையும், அனுமதி வேண்டுகிற 'அபிவிருத்தி' என்பதன் வரம்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. ஆயினும் பயன்படுத்துவது வேறு, புதிதாகச் சுவர் எழுப்புவது வேறு என்று வியாக்கியானம் செய்ய இடமிருப்பதால், குடியானவன் அதிகாரியின் தாட்சண்யத்தை நம்பியே நிற்க நேரிடுகிறது. இந்தப் பாகுபாடு இங்கிலாந்தின் 1947-ம் ஆண்டுச் சட்டத்தின் சாயல். ஆனால் அந்த நாட்டிலோ, குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்ட பண்ணையில் கொட்டகை போட விரும்புகிறவன் முன்கூட்டித் தெரிவித்தால் போதும். மேற்கொண்டு விவரம் வேண்டுமா, வேண்டாமா என்பதை 28 நாளுக்குள் அதிகாரிகள் சொல்லிவிட வேண்டும் என்ற ஏற்பாட்டையும் செய்துவைத்தார்கள். நாம் சட்டத்தின் சாயலை எடுத்துக்கொண்டோம். அந்தச் சௌகரியத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லாக் கொட்டாய்களையும் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயமன்று. முதலில் கொட்டாய், பிறகு அதைச் சுற்றி மதில், பிறகு பௌர்ணமி யாத்திரிகர்களுக்கு வாடகை அறை என்று கொல்லை விடுதியாகிவிடுகிற வழி இந்தப் பிரதேசத்தில் எல்லோரும் அறிந்ததே. நிஜக் கொட்டாயையும் வேஷக் கொட்டாயையும் பிரித்தறிய அளவு நாடா உதவாது. அந்தப் புல எண்ணில் இந்தப் பருவத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் சொல்லும். வரத்துக் கால்வாய் எங்கே ஓடுகிறதென்று புலப்படம் சொல்லும். சுவர் அந்தக் கால்வாயின்மேல் நிற்கிறதா என்பதை நேரில் போய் நின்றால்தான் காண முடியும்.

தண்ணீரின் வழியை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஏழு உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவர்களில் ஐவர் குழந்தைகள். மலையில் பெய்கிற மழை ஏதேனும் ஒரு வழியாக இறங்கியே தீரும்; அது இறங்குகிற ஓடையை மறிக்கும் மதில் பத்தடியானாலும் சிறு வேலையன்று.

இந்த விவேகத்துக்கு உச்ச நீதிமன்றமே வழிகாட்டியிருக்கிறது. 2024 நவம்பர் 13 அன்று அளித்த தீர்ப்பில், எந்தக் கட்டடத்தையும் இடிப்பதற்கு முன் 15 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் தரவேண்டும், உரியவர் சொல்வதைக் கேட்கவேண்டும், உத்தரவில் காரணம் எழுதவேண்டும் என்று விதித்த நீதிபதிகள், சாலை, ஆறு, நீர்நிலை முதலியவற்றை ஆக்கிரமித்த கட்டடங்களுக்கு அந்தப் பாதுகாப்பை அளிக்கவில்லை. அங்கீகாரமில்லாத மனைப் பிரிவுகளுக்கோ, அவை 2016 அக்டோபர் 20-க்கு முற்பட்டவையானால் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறை செய்ய, 2017-ல் அரசு விதிகளே வகுத்தது. விளைநிலத்தைக் கூறுபோட்டவர்களுக்கு அவ்வளவு பரிவு காட்டிய நிர்வாகம், அதே நிலத்தில் இன்னும் ஏர் பூட்டுகிறவனின் கொட்டாய் விஷயத்தில் கடுமை காட்டுவது நியாயமாகாது.

ஆகவே நகர் ஊரமைப்பு, வருவாய்த் துறை அதிகாரிகளை வேண்டிக்கொள்கிறேன்: நோட்டீஸில் கையெழுத்திடுமுன் ஒருமுறை கொல்லைக்கு வாருங்கள், அடங்கலையும் புலப்படத்தையும் கையில் கொண்டுவாருங்கள், பயிருக்கான கொட்டாயானால் ஒரு மாதத்துக்குள் 'ஆட்சேபணையில்லை' என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். வரத்துக் கால்வாயை மறித்தவர் யாராயினும், ஐப்பசி மழைக்கு முன்னரே அந்தச் சுவரை அகற்றுங்கள்.