கீசகவதம் எங்கே போயிற்று?

"தமிழ் சினிமாவின் தந்தை ஆர்.நடராஜ முதலியார்!" என்று சினிமா விழா மேடைகளில் பிரமுகர்கள் முழங்குகிறார்கள். அவர் எடுத்த படம் எங்கே ஐயா என்று கேட்டால், "காலத்தின் கோலம்" என்று கையை விரிக்கிறார்கள். காலத்தின் மீது பழியைப் போட்டுவிட்டு, லாப வேட்டைக்காரர்களைத் தப்பவிடும் தந்திரம் இது!

வல்லம் வடகால் சிப்காட்டில் ஷிப்டு முடிந்து டீக்கடையில் நிற்கும் தொழிலாளி கேட்கலாம்: நூறு வருஷத்துக்கு முந்திய ஊமைப்படம் நமக்கு எதற்கு, தோழரே? நியாயமான கேள்வி. இங்கே நாம் மோட்டார் சைக்கிள் செய்கிறோம். பக்கத்து ஒரகடத்தில் கார் செய்கிறோம். முதலியாரும் மோட்டார் வியாபாரிதான். வேலூரில் பிறந்து, சென்னையில் சைக்கிள் விற்று, பின்பு அமெரிக்கக் கார்களைத் தருவித்து விற்றவர். அந்தப் பணம்தான் தமிழகத்தின் முதல் கதைப் படமாயிற்று.

ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரரிடம் காமிரா வேலை கற்றார். தஞ்சைப் பக்கத்து மிராசுதார் ஒருவரிடம் 1,800 ரூபாய்க்குக் காமிராவும் பிரிண்டரும் வாங்கினார். புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் இந்தியா பிலிம் கம்பெனி பிறந்தது. பம்மல் சம்பந்த முதலியாரிடம் யோசனை கேட்டுக் கதையை அமைத்து, தாமே டைரக்ட் செய்து, தாமே காமிராவும் பிடித்தார். 1917-18ல் "கீசகவதம்" வந்தது. 35 நாள் வேலை, 35,000 ரூபாய் செலவு, 15,000 ரூபாய் லாபம் என்பது கணக்கு. அதன் பிறகு திரௌபதி வஸ்திராபகரணம், லவகுசா, மார்க்கண்டேயா என்று வரிசையாகப் புராணப் படங்கள். புராணம்தானே என்று நம்மில் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், தொழிலை இங்கே நாட்டியவர் அவர்.

ஆனால் தனியொருவரா நாட்டினார்? மேலே மெல்லிய வெள்ளைத் துணி கட்டி, அதில் வடிந்த வெயில்தான் விளக்கு. அந்தத் துணியைக் கட்டியவன் யார்? பெங்களூர் லாபரட்டரியில் பிலிம் கழுவிய நாராயணசாமி ஆசாரி பெயராவது தப்பியது. செட்டு போட்ட தச்சனுக்கும், வேஷம் தைத்த தையற்காரனுக்கும் அதுவும் இல்லை. தந்தைக்குச் சிலை கேட்பவர்கள் இவர்களைப் பற்றி வாயைத் திறப்பதில்லை!

1923 வாக்கில் ஸ்டூடியோவில் தீப்பிடித்தது. மகனையும் பறிகொடுத்த முதலியார் படத்தொழிலையே விட்டார். கைகொடுக்க எவரும் இல்லை. வெள்ளை சர்க்காருக்குச் சினிமா என்றால் சென்ஸார். அதற்கு 1918லேயே சட்டம் செய்துவிட்டது. 1927ல் சென்னை வக்கீல் டி.ரங்காச்சாரியார் தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. எதற்கு? ஹாலிவுட்டை விரட்டி பிரிட்டிஷ் படங்களை நம் தலையில் கட்ட! ஆனால் கமிட்டி சாம்ராஜ்யப் படங்களுக்குச் சலுகை தர மறுத்து, இந்தியப் படத்தொழிலுக்குக் கடன் கொடு என்று 1928ல் எழுதியது. அறிக்கை பரணுக்குப் போயிற்று.

1931ல் "காளிதாஸ்" பேசியது. மறுநாளே ஊமைப்படம் செல்லாக்காசு! அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். பத்திரப்படுத்தப் பணம் வேண்டும். உருக்கினாலோ வெள்ளி கிடைக்கும். உலகெங்கும் முதலாளிகள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லவேண்டுமா?

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். தென்னாட்டு ஊமைப்படங்களில் அநேகமாக முழுமையாக மிஞ்சியது நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த "மார்த்தாண்ட வர்மா" (1933). எப்படித் தப்பியது? கதை எங்கள் சொத்து என்று திருவனந்தபுரம் புத்தகக் கம்பெனி வழக்குப் போட்டது. படம் திரையிலிருந்து இறங்கி அங்கேயே முடங்கியது. 1974ல் புனா தேசியத் திரைப்படக் காப்பகம் வாங்கிக்கொண்டது. கலை அபிமானம் காக்கவில்லை, சொத்துச் சண்டை காத்தது!

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் விடுதி திறந்தார்கள். வேண்டியதுதான். அங்கே தங்கும் பெண்கள் பூட்டும் ஒவ்வொரு போனிலும் ஒரு காமிரா இருக்கிறது. இத்தனைக் காமிரா செய்கிற நாட்டில், மிச்சமிருக்கும் பழைய பிலிமைத் தேடியெடுத்துக் குளிர் அறையில் வைக்கப் பணம் இல்லையாம். தியேட்டரில் தமிழன் கொடுத்த கேளிக்கை வரி எங்கே போயிற்று? ராஜ்ய சர்க்கார் பதில் சொல்லட்டும்.