மரத்தொட்டிக்கு எங்கே பூசுவது?

மாணவ நண்பர்களே, வீட்டிலேயே இருட்டறை அமைத்துக் கறுப்பு-வெள்ளைப் படம் கழுவும் ஆசை உங்களில் சிலருக்கு இருக்கலாம். உதகையில் 1967 முதல் 'இந்து' பிலிமும் தாளும் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடப்பட்டுவிட்டது. ஆயினும் பிலிம் இன்றும் கிடைக்கிறது. தட்டுகளை வைக்கும் கழுவுதொட்டியைத்தான் நாமே செய்துகொள்ள வேண்டும். ஓசூர்ப் பக்கம் இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிப் பலகைக்குப் பஞ்சமில்லை.

நானும் அப்படி ஒன்று செய்தேன். உட்புறம் பளபளவென்று மூன்று கோட் எனாமல். ஒரே மழைக்காலத்தில் மூலைகள் பிளந்தன. பிளவில் ஊறிய ஹைப்போ காய்ந்து தூளாகப் பறந்தது. அது புதுத் தாளில் விழுந்த இடமெல்லாம் படத்தில் வெள்ளைப் புள்ளி! பெயின்டைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் பூசிய இடம்தான் தவறு.

மரத்தில் சைலக் குழாய்கள் நெடுக்கே ஓடுவதைத் தாவரவியலில் படித்திருப்பீர்கள். பலகையைக் குறுக்கே அறுத்தால் அக்குழாய்களின் வாய்கள் திறந்துகொள்கின்றன. நுண்புழை ஏற்றத்தால் அந்த முனை, பலகையின் முகத்தைவிடப் பன்மடங்கு வேகமாக நீரைக் குடிக்கும். பச்சைமரம் உலரும்போது நீளத்தில் சுருங்குவது பெரும்பாலும் 0.1 முதல் 0.2 சதவீதமே, அகலத்திலோ 5, 8 சதவீதம்கூட உண்டு. ஊறும்போதும் அகலத்தில்தான் உப்புகிறது. இறுகிய எனாமல் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் மூலையில் விரிசல் விடுகிறது.

ஆகவே, கையில் உள்ள காசு முதலில் முனைகளுக்கும் மூலைகளுக்கும் போகட்டும் என்பேன். இரண்டு குழம்புகளைக் கலந்து இறுகவைக்கும் எபாக்சியை, முனை குடிப்பதை நிறுத்தும் வரை பூசுங்கள் (கையுறையுடன், சன்னலைத் திறந்துவைத்து). வெளிப்புறத்தையும் விடாதீர்கள், ஒருபக்கம் மட்டும் ஈரமேறினால் பலகை வளையும். கண்ணில் படாத இடத்துக்கு எதற்குப் பூச்சு என்று தச்சர் சிரிப்பார், சிரிக்கட்டும். ஆளிவிதை எண்ணெய் வார்னிஷ் வேண்டவே வேண்டாம். டெவலப்பரின் காரம் அதை மெல்லச் சோப்பாக்கிவிடும். மெரைன் பிளைவுட் போட்டால் கவலையில்லை என்பாரும் உண்டு. அதில் நீருக்கு அஞ்சாதது முக்கியமாக ஒட்டுப்பசைதான். ஏடுகள் மரமே, ஓரங்களில் குடிக்கும்.

சந்தேகமா? ஒரே பலகையிலிருந்து இரண்டு கனசதுரங்களை அறுத்தெடுங்கள். ஒன்றின் இரு முனைகளுக்கும், மற்றதன் நான்கு பக்கங்களுக்கும் மெழுகு பூசி, எடை குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் நீரில் அமிழ்த்துங்கள். பிறகு துடைத்து, பள்ளித் தராசில் மறுபடி நிறுத்துப் பாருங்கள்.